ஜப்பான் ரேடியோவைத் திருப்பி அனுப்புவது குறித்து

குத்தாலம் வழி,
பங்குனி மாதம், 1970

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை கோவிந்தராசு அவர்களுக்கு, மாமனார் துரைக்கண்ணு எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் தாங்களும் என் மகள் மங்களாம்பிகையும் சௌக்கியமாக இருக்க வைத்தீஸ்வரன் துணை. இங்கு யாவரும் நலம். உங்கள் மாமியார் சாவித்திரி போன பிறகு இந்த வீட்டில் யாவரும் என்றால் நான் ஒருவன்தான். ஆனாலும் 'நான் நலம்' என்று மட்டும் எழுதினால் மங்களம் அழுவாள் என்பதால், யாவரும் நலம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஜப்பான் டிரான்சிஸ்டரை மீரா உசேன் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியதும் நேரே இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பழைய வால்வு ரேடியோ, இந்தப் புதுசு, இரண்டில் எது சிற்றலையில் நன்றாகக் கேட்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். ரயில்வேயில் தந்தி கேட்டுக் கேட்டுப் பழகிய காது என்று என்னைப் புகழ்ந்தும் எழுதியிருந்தீர்கள். ஆகையால் இரண்டையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறைப்படி சோதனை செய்தேன். பழசு உங்களுக்குத் தெரியும், திருகினால் உடனே பேசாது. உள்ளே வால்வு சூடேறி, முகப்பில் இருக்கும் பச்சை விளக்குக் கண் மெல்ல விழித்து, ஒரு முறை செருமிவிட்டுத்தான் ஆரம்பிக்கும். அதற்குள் நான் காப்பி போட்டுவிடலாம். ஆனால் ஸ்டேஷன் காட்டும் அதன் முள் தடி முள், ஒரே நேரத்தில் இரண்டு ஸ்டேஷனைத் தொடும். கொழும்பில் ஒரு பெண் காதலனை நினைத்துப் பாடுகிறாள், நடு நடுவே பீக்கிங்கிலிருந்து ஒருவர் கூட்டுப்பண்ணை விளைச்சலைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவளுடைய காதலனே அவர்தானோ என்று எனக்குப் பல நாள் சந்தேகம். புதுசில் அந்தச் சிக்கல் இல்லை. அந்தப் பெண் ஓரிடம், கூட்டுப்பண்ணை ஓரிடம். ஆனால் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிணற்றுக்குள் இறங்கினமாதிரி குரல் போய்விடுகிறது. அதன் தலையில் இழுத்து நீட்டுகிற கம்பியைக் கையால் பிடித்தால் திரும்ப வருகிறது. விட்டால் போகிறது. சரி, தென்னையிலிருந்து பழசுக்குக் கட்டியிருந்த ஏரியல் கம்பியை இதில் மாட்டலாமே என்று மாட்டினேன். உலகத்தில் உள்ள ஸ்டேஷன் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிட்டன, சந்தைக்கடை. கழற்றிவிட்டேன். அப்புறம் வாசலில் நின்று கம்பியைப் பிடித்தபடியே லண்டன் செய்தியை முழுக்கக் கேட்டேன். அங்கேதான் வந்தது வினை.

தை அறுவடையில் நடந்ததை உங்களுக்கு நான் எழுதவில்லை. கூலியில் அரைப் படி நெல் கூடக் கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். ஊர் முழுக்கக் கதிர் சாய்ந்து கிடந்தது, வெளியூர் ஆட்களும் போலீசும் வந்து இறங்கினார்கள். எனக்கு இருப்பதோ கையகல நிலம். கேட்ட அரைப் படியைக் கொடுத்து என் வயலை அறுத்துவிட்டேன். கொள்கை எல்லாம் இல்லை மாப்பிள்ளை, நெல் முளைத்துவிடுமே என்ற பயம்தான். மறுநாள் எதிர்வீட்டு அரசப்பன் வந்தார். மிராசுதார் சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். "நீங்க பாட்டுக்குக் குடுத்துட்டீங்க. இனிமே நாங்க எந்த மூஞ்சியோட அவனுங்ககிட்ட பேசுறது?" என்றார். "நெல்லு முளைச்சுடுமுங்க" என்றேன். "முளைக்கட்டும்" என்று எழுந்து போனார். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் சாயங்காலமானால் பழைய ரேடியோவைக் கேட்கக் கூடம் நிறைய ஆள் வந்துவிடும். இப்போது பச்சைக் கண் விழித்துப் பார்த்தால் எதிரே நான்தான். அதுவும் பாவம், கூட்டத்துக்காகச் செய்த தொண்டை. எனக்கு ஒருவனுக்காகக் கத்துகிறது. உங்கள் புதுசோடு காதில் செருகிக்கொள்ள ஒரு குமிழ் வந்திருக்கிறது பாருங்கள், அதைச் செய்த ஜப்பான்காரருக்கு என் நிலைமை எப்படியோ தெரிந்திருக்கிறது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றதைத் தெருவே பார்த்தது. துரைக்கண்ணு பீக்கிங்குக்குத் தந்தி அடிக்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அறுவடைக்கு வந்த போலீஸ் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருக்கிறது. அதில் ஒருவர், ரெத்தினம் என்று பெயர், விசாரிக்க வந்தார்.

"சீனாவோட பேசுறீங்களாமே, உண்மையா?"

"அவங்கதாங்க பேசுறாங்க. நான் கேக்குறதோட சரி."

"லைசென்சு?"

பழசுக்குத் தபாலாபீசில் பணம் கட்டி எடுத்த ரேடியோ லைசென்சைக் காட்டினேன். புதுசுக்கு இன்னும் எடுக்கவில்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை, புதுசைத்தான் பார்த்தார். "இதுல கொழும்பு எடுக்குமா?" என்று கேட்டார். எடுத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் காப்பியைக் குடித்துக்கொண்டு, திருச்செந்தூரில் இருக்கும் தன் பெண்சாதியைப் பற்றிச் சொன்னார். நான் சாவித்திரியைப் பற்றிச் சொன்னேன். பாட்டு நிகழ்ச்சி முடிந்ததும், "ஒண்ணும் இல்லன்னு எழுதிடுறேன். இனிமே நான் வரவேண்டியிருக்காது" என்று எழுந்தார். மாப்பிள்ளை, உங்களிடம் சொல்வதற்கென்ன, போலீஸ்காரர் வீட்டை விட்டுப் போகிறாரே என்று வருத்தப்பட்டவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த நாளும் வாசலில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு. துல்லியம், எடை, மின்சாரச் செலவு எல்லாவற்றிலும் புதுசே மேல். ஆனாலும் எனக்கு அது வேண்டாம். பழசு நகராது, அதனால் ஆள் அதைத் தேடி வரவேண்டும். வருவார்கள். என்றைக்காவது அரசப்பன் கோபம் ஆறிச் செய்தி கேட்க வந்தால், காதில் குமிழோடு நான் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது. மீரா உசேன் அடுத்த கப்பலில் திரும்புகிறார். அவரிடமே டிரான்சிஸ்டரைக் கொடுத்தனுப்புகிறேன், தவறாக நினைக்கவேண்டாம். அங்கேயே வந்து இருந்துவிடும்படி மங்களம் எழுதியதற்கும் இதுவே பதில். நான் தனியாக இல்லை. சாயங்காலமானால் மாஸ்கோ எனக்கு வணக்கம் சொல்கிறது, லண்டன் நலம் விசாரிக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்.

உங்கள் இருவருக்கும் சகல சம்பத்தும் உண்டாகவும், அடுத்த தைக்குள் என் மடியில் ஒரு பேரப்பிள்ளை வந்து உட்காரவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். மங்களத்திடம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
துரைக்கண்ணு

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்றால் வேறு ஏர்மெயில் தாள் கைவசம் இல்லை. ஆகையால் படித்ததை மறந்துவிடவும். நேற்று இதை ஒட்டப்போகும்போது கொல்லைப் பக்கம் குரல் கேட்டது. என் வயலை அறுத்த ஆட்களில் ஒருத்தி, அம்சம் என்று பெயர். படலுக்கு வெளியே நின்றபடி, "ஐயா, பெரிய பொட்டியக் கேக்க நாங்க ஒங்க தெருவுக்கு வரமுடியாதுங்க. இந்தச் சின்னப் பொட்டிய எங்க தெருவுக்கு எடுத்தாரலாம்லங்க?" என்றாள். இத்தனை சோதனை செய்தேனே, இது எனக்குத் தோன்றவில்லை. வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி எடுத்துக்கொண்டு போனேன். அரசப்பன் வாசலில் நின்று பார்த்தார். இனி அவர் கோபம் ஆறாது. அங்கே ஒரு கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள், பனங்கிழங்கு கொடுத்தார்கள். ரேடியோவைக் கட்டில் மேலேயே வைத்து லண்டனுக்குத் திருகினேன். அப்புறம் அம்சத்தின் புருசன் காத்தான் பேச ஆரம்பித்தான், அவனை இன்னொருவர் மறித்தார், கூலி, மழை, யாரோ வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நானும் நிறையப் பேசினேன் போலிருக்கிறது, இன்று தொண்டை கட்டியிருக்கிறது. லண்டன் என்ன சொன்னது என்று ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. மீரா உசேன் வெறுங்கையோடுதான் வருவார். அவர் அடுத்த தடவை வரும்போது பேட்டரி கொடுத்தனுப்பவும்.