அந்தோனியாருக்குக் கண் வைத்தவள்

கஜனி அந்தோனியார் சிலைக்குக் கண் வைத்த மறுநாள் காலை, ஊர்க்கார அன்னபாக்கியம் கோயிலின் பெரிய சமையல் கிடாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து பலிபீடத்துக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"இஞ்ச பார் பிள்ளை, நான் களவெடுக்கேல்லை. போன திருநாளுக்குக் கொண்டுபோனனான், மறந்துபோனன். என்னை உப்பிடிப் பாக்கவேண்டாமெண்டு அந்தோனியாரிட்டச் சொல்லிவிடு."

கஜனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரந்தனில் கடைப் பலகைகளுக்கும் பஸ்களுக்கும் படம் கீறுகிறவள் அவள். மரத்துப்போய்க் கிடந்த வலக்கை திரும்பவும் தூரிகை பிடித்த அன்றே, "இந்தக் கை இனி முதலில் ஆண்டவருக்குத்தான்" என்று நேர்ந்துகொண்டாள். அக்கராயன் பக்கத்துச் சின்னக் கோயிலின் அந்தோனியாருக்கு நிறம் பூச வந்தது அதனால்தான். சண்டை முடிந்து சனம் திரும்பியபோது கோயிலுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சிலை மட்டும் அசையாமல் நின்றதாம். மழை குடித்து முகம் அழிந்திருந்தது.

கண்ணை வரைந்தபோது தூரிகை அவளைக் கேட்காமலே ஓடியது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மத்தியானம் அயலவர் அப்புத்துரை, எப்போதோ கொண்டுபோன கோயில் ஏணியோடு வந்தார்.

"தங்கச்சி, முன் வாங்கு, பின் வாங்கு எண்டு மாறி மாறி இருந்து பாத்திட்டன். மனுசன் பார்வையை எடுக்கிறாரில்லை."

கஜனி சிலையின் பார்வையைத் தாழ்த்தி வரைந்தாள். நிமிர்ந்து நின்றவர்கள் தப்பினார்கள். முழந்தாளிட்டவர்கள் எழும்பி ஓடினார்கள். அன்று பின்னேரமே கோயிலின் நீலக் கதிரைகள் திரும்பி வந்தன, கொட்டகைத் தறப்பாள் வந்தது, ஜெனரேற்றர் வந்தது. பூசைக் கைமணியை யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது காணாமற்போனதே சேவியர் ஃபாதருக்குத் தெரியாது.

ஃபாதர் தலையில் கைவைத்தார். "கஜனி, சாமான் வருது, சனம் வரேல்லை. வெள்ளிக்கிழமை கொடியேத்தம். நான் கதிரையளுக்கோ பூசை வைக்கிறது?"

"அழிச்சுவிடுறன், ஃபாதர்."

துணியில் தின்னரை நனைத்தாள். துடைப்பதற்காகச் சிலையின் கன்னத்தை மற்றக் கையால் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். வெயிலே எட்டாத மூலை அது. கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னம் போல. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்து முடித்தாள். இரண்டு கண்ணும் வெள்ளையாயின.

அதோடு கோயில் அடியோடு வெறிச்சோடியது. அப்புத்துரை படலைக்கு வெளியே நின்றே கத்தினார்: "கண் இருக்கேக்க ஒரு பக்கந்தான் பாத்தவர், தங்கச்சி. இப்ப எல்லாப் பக்கமும் பாக்கிறார்!"

அடுக்கிக் கிடந்த கதிரைகளில் ஒன்றை இழுத்துப்போட்டு இருந்து கஜனி அழுதாள். "ஆண்டவரே, நீர் தந்த கையை உமக்குத்தானே தந்தனான். எங்க பிழைவிட்டனான்?"

பதிலுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மலைநாட்டிலிருந்து வந்து அக்கராயனில் வயல் செய்கிற கணபதி, அதன் இழுவைப் பெட்டியிலிருந்து சாக்குச் சுற்றிய எதையோ குழந்தையைப் போல அணைத்து இறக்கினார். கோயில் வாசலைத் தாண்டி அவர் வரவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை.

"நீங்களும் எதையாவது திருப்பித் தர வந்தனீங்களோ?" ஃபாதர் அலுப்போடு கேட்டார்.

கணபதி சாக்கை அவிழ்த்தார். காவி அங்கி, கையில் பாலன், வாடாத முகம்.

"இவருதாங்க சாமி உங்க அந்தோனியாரு," என்றார் கணபதி, குரலைத் தாழ்த்தி. "இடம்பெயர்ந்தப்ப நான்தான் வண்டியில ஏத்திக் கொண்டுபோனேன். திரும்பி வந்து பார்த்தா அந்த இடத்துல ஒருத்தரு நின்னுக்கிட்டிருந்தாரு, பயத்துல நான் வாயே திறக்கல. அவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."