கணிப்பொறி சொன்ன இலை விலை

எங்கள் ஊருக்கு எந்த முன்னேற்றமும் முழுதாக வந்து சேர்ந்ததில்லை. வந்த ஒன்றும் என் கையில் சிக்கியது.

தேயிலை விலை வாராவாரம் சரிந்துகொண்டிருந்த காலம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரில் தகவல் மையம் திறந்தார்கள். ஓர் அறை, ஒரு கணிப்பொறி, ஒரு தொலைபேசி இணைப்பு. குன்னூர் ஏல விலையை நாமே பார்த்து, பச்சை இலை வாங்கும் ஏஜெண்டிடம் நிமிர்ந்து பேசலாமாம். ஓய்வுபெற்ற குமாஸ்தா என்பதால் என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். (அன்றே கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டேன்.)

ஒரு மழைநாள் காலை, திரையில் விலை ஏறியிருந்தது! எண்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டு வெளியே ஓடிவந்து அறிவித்தேன்.

பக்கத்துத் தோட்டத்துச் சரோஜா இலை மூட்டைகளோடு நின்றாள். அந்த இலைதான் அவள் வீட்டு அரிசி.

"ஏனுங்க, நெசந்தானுங்களா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா அம்மணி?"

லாரியில் வந்த ஏஜெண்ட் முருகேசன் நேற்றைவிடக் குறைத்துக் கேட்டான். "அந்த வெலைக்குத் தர முடியாதுங்க" என்றது ஊர்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கே வித்துக்கங்க!" லாரி போய்விட்டது.

பறித்த இலை அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். மாலைக்குள் மூட்டைகள் சூடேறி, இலை சிவந்து வீணாகிவிட்டது. அப்போதுதான் டெலிபோன் லைன்மேன் வந்தார்.

"மரம் உளுந்து பத்து நாளா லைன் அந்துபோய்க் கெடக்குதுங்க. நீங்க எதைப் பாத்தீங்க?"

விலை இவ்வளவு சரியும் முன் வந்து, இயந்திரத்துக்குள் தங்கியிருந்த பழைய பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். எண்களைச் சரிபார்த்த மகான், மேலே இருந்த தேதியைப் பார்க்கவில்லை.

சரோஜா மூட்டையை மையத்து வாசலில் கவிழ்த்தாள். "இந்தாங்க, உங்க கம்ப்யூட்டரு திங்கட்டும்." மற்றவர்களும் கவிழ்த்தார்கள்.

மறுநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தக் குவியலைப் பார்த்து நெகிழ்ந்தார். "மையத்துக்கு மக்கள் காணிக்கையா!" போட்டோ எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். கோட்டு போட்டிருந்ததால் மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் இரண்டாவது கணிப்பொறி வந்தது. லைன் வரவில்லை. அதற்குள் சரோஜா திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

இன்றும் நான் செய்தித்தாளில் எதையாவது மகிழ்ச்சியாகப் படித்தால், அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "நல்ல சேதிங்களா? அப்பப் பழசாத்தான் இருக்கும்."

பேரன் பேத்திகள் சிரிப்பார்கள். நான் தேதியைப் பார்ப்பேன்.