வலது பக்கத்து ஈறு

"இடது மூணு, இடது மூணு, வலது அஞ்சு" என்று டாக்டரம்மா அளவு சொல்லச் சொல்ல, நர்ஸ் குறித்துக்கொண்டாள்.

நாற்காலியில் வாயைப் பிளந்தபடி மல்லாந்திருந்த டெய்லருக்கு அந்த ‘வலது அஞ்சு’ சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷமாக அளவெடுத்தே பிழைக்கிறவர். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று சட்டையைத் தைத்துக் கொடுத்தால் யார் சும்மா விடுவார்கள்?

அதுகூடப் போகட்டும். அந்த அஞ்சைச் சொன்னபோது, இந்தப் பக்கம் இன்னும் தேறவில்லையே என்று டாக்டரம்மாவின் முகம் வாடிப்போனதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் ஈறு முழுக்க ரத்தமும் சீழும். பற்கள் நூலில் கோத்த மணி மாதிரி ஆடின. பார்த்த பல் டாக்டர்கள் எல்லாம் எட்டுப் பல்லை எடுத்துவிட வேண்டியதுதான் என்று கையை விரித்துவிட்டார்கள். பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இந்தச் சின்ன வயது டாக்டரம்மா மட்டும், "எடுக்க வேணாம் மாஸ்டர், காப்பாத்திப் பார்க்கலாம்" என்றார்.

அவரிடம் ஒரு நானோ களிம்பு இருந்தது. அதன் துகள்களை ஒரு தையல் நூலின் தடிமனில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாமாம். நோய் முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை விழும், பிரஷ் எட்டாத அந்தப் பைக்குள் இறங்கி மருந்து கிருமியைக் கொல்லும் என்று விளக்கினார். பை என்றதும் டெய்லருக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆழம் குறையக் குறைய நல்லது. தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஏழு மில்லிமீட்டர்.

நிபந்தனை ஒன்றுதான். ஒரு பக்கம் நிஜ மருந்து, மறுபக்கம் மருந்தில்லாத வெறும் களிம்பு. எது எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அந்த விவரம் கல்லூரி முதல்வரின் அலமாரியில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. அந்த உறையைப் பிரிக்கும் வரை எப்போதும்போல் பல் தேய்க்க வேண்டும், கூடுதலாக ஒன்றும் செய்யக் கூடாது.

ஆனால் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு ரொட்டித் துண்டை ஓரத்தோடு கடித்துத் தின்ற மனிதர் அவர். கடித்துவிட்டு, கடையில் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர். அப்படிக் கடிக்க வைத்த டாக்டரம்மா தன்னால் முகம் வாடுவதா?

அன்று மதியமே பல் இடுக்குக்கென்று விற்கிற குட்டிப் பிரஷ் ஒன்று வாங்கினார். வலது பக்கத்தை மட்டும் வேளைக்குக் கால் மணி நேரம் தேய்த்தார்.

"பல்லு தேய்க்கிறீங்களா, இல்ல பாத்திரம் தேய்க்கிறீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

மூன்று வாரத்தில் வலது பக்கம் இரண்டுக்கு இறங்கியது. இடது பக்கம் மூன்றிலேயே நின்றது. டாக்டரம்மா மகிழவில்லை. திகைத்தார். புதிதாக எக்ஸ்ரே எடுத்து, பழைய தாள்களைப் புரட்டி, நர்ஸ் இடம் வலம் மாற்றி எழுதிவிட்டாளோ என்று அவளையும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டார்.

பாவம், நர்ஸ். டெய்லர் வீட்டுக்கு வந்ததும் இடது பக்கத்தையும் தேய்க்கத் தொடங்கினார், அதை மறுபடி முன்னே கொண்டுவருவதற்கு. அது முன்னே வரவில்லை. பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பக்கமும் இரண்டு.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா, மருந்தும் வெறும் களிம்பும் ஒண்ணுதான்னு அர்த்தம் மாஸ்டர்" என்றார் டாக்டரம்மா, தாளைப் பார்த்தபடியே.

டெய்லர் வீட்டுக்கு விரைந்தார். வலது பக்கத்தைக் கெடுத்தாவது சரிசெய்துவிடலாம் என்று ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டார். ஒட்டிக்கொள்கிற பிஸ்கட்டாகப் பார்த்து அந்தப் பக்கமே மென்றார். வேண்டாம் என்றபோதெல்லாம் கெட்டுப்போன ஈறு, கெட்டுப்போ என்று கெஞ்சியபோது மசியவில்லை. கல்லுப்போல் இருந்தது.

இதற்குள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆராய்ச்சி பலன் தராததால் வெள்ளிக்கிழமையோடு மூடப்படுகிறது, வந்து கையெழுத்துப் போடவும்.

அதைப் படித்துக்கொண்டே மனைவி எல்லாவற்றையும் அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள். "ஏங்க, நல்லது செய்யறேன்னு அந்தப் பொண்ணு தலையில கல்லைப் போட்டிருக்கீங்க. போய் உண்மையைச் சொல்லிடுங்க. திட்டினா வாங்கிக்குங்க."

வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போனார். குட்டிப் பிரஷ், கால் மணி நேரம், பிஸ்கட் என்று ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார்.

"என் பல்லைக் காப்பாத்தினீங்க டாக்டரம்மா. நான் உங்க மருந்தைக் கெடுத்துட்டேன். என் கணக்கை எடுத்துட்டு ஆராய்ச்சியை நடத்துங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. அட்டைப் பெட்டியில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், சிரிக்க முயன்றார்.

"உங்க ஒருத்தரால இல்ல மாஸ்டர். மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் ரெண்டு பக்கமும் சமமாத்தான் தேறியிருக்கு. உங்களை விட்டுட்டாலும் மீதிப் பதினொரு பேர் இருக்காங்களே. மருந்து தோத்துப்போச்சு, அவ்வளவுதான். உங்க பல்லு நின்னுச்சே, எனக்கு அது போதும்."

டெய்லர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். அப்போது டோக்கன் கொடுக்கிற பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"டாக்டர், கையெழுத்துப் போட வந்த பதினொரு பேரும் உங்களைத் தனியாப் பார்க்கணும்கிறாங்க. உங்க முகம் வாடினதைப் பார்க்கப் பொறுக்காம, தேறாத பக்கத்தைக் கொஞ்சம் சேர்த்துத் தேய்ச்சுட்டாங்களாம். டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்களான்னு ஒவ்வொருத்தரா என் காதுல வந்து கேக்கிறாங்க."