இரண்டு ஜாடிகளும் ஒரு தக்காளி ராஜாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தோற்கவில்லை. எங்கள் தோட்டக் காலனியில் யாரைக் கேட்டாலும் தோற்றேன் என்றுதான் சொல்வார்கள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம்பாதீர்கள்.

நான்கு வருஷமாக ‘காலைப்பனி’ தோட்டச் சங்கத்தின் தக்காளி ராஜா நான்தான். சங்கம் ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குத் தரும்; அதில் பயிர் வைத்து, ஓரமாக ஒரு குடிலும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆவ்ரிக் ஊர்ப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு ராஜா உண்டு. குறி பார்த்துச் சுட்டால் ராஜா. குளிர்கால விருந்தில் மற்றவர்களைவிட அதிகமாகக் கீரை தின்றால் கீரை ராஜா. ஆகஸ்ட் விழாவில் யாருடைய தக்காளி எடை அதிகமோ அவர் தக்காளி ராஜா. கழுத்தில் ஒரு தகரச் சங்கிலி போடுவார்கள். நடுவில் சாஸர் அளவுக்கு ஒரு தகரத் தக்காளி தொங்கும். ஐந்து வருஷம் விடாமல் ஜெயித்தால் சங்கிலி நிரந்தரமாக நமக்கே. எனக்கு இது ஐந்தாவது வருஷம்.

சங்கிலியை மாட்டப் படுக்கையறைச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டேன். அடிக்கும்போதே சத்தமாகச் சபதமும் போட்டேன். “இந்தச் சங்கிலி இந்த வீட்டை விட்டுப் போகாது!” மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை யாரும் சுத்தியல் எடுக்கக்கூடாது என்பது எங்கள் தெருக் கட்டுப்பாடு. நான் ஒன்றேகாலுக்கு அடித்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

என் தக்காளியின் பெயர் ‘ஹென்னிங்கின் வெற்றி’. ஹென்னிங் என்பது அடியேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாது. உலகத்தில் வேறு யாரிடமும் அதன் விதை கிடையாது. இதை என் வெற்றி என்று என் மனைவி கெசினே மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“ஹைவேல ஒரு பல்கேரியா லாரிக்காரர் வெட்டிக்குடுத்த துண்டு. தின்னுட்டு டிஷ்யூ பேப்பர்ல விதையைத் துப்பி எடுத்துட்டு வந்த. இதுல உன் வெற்றி எங்க இருக்கு?”

“துப்பணும்னு தோணிச்சு பாரு, அதான் வெற்றி.”

ஜனவரி மாதச் சங்கக் கூட்டத்தில் இவள்தான் வம்பை விலைக்கு வாங்கினாள். இவள் சங்கச் செயலாளர். எழுந்து நின்று, “பிப்ரவரில தக்காளி விதைப் பரிமாற்றம் வைக்கலாம். அவங்கவங்க தக்காளி விதையைக் கவர்ல போட்டுக் கொண்டுவரணும். வேணுங்கறதை எடுத்துக்கலாம்” என்றாள். நாற்பத்து மூன்று தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. பூனை மீன்கடையைப் பார்ப்பதுபோல்.

அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். “ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு!” என்றேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது. என் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. ஏற்பாடு செய்கிறவனின் கவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உள்ளே இருப்பது எதுவென்று அவனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று மாலை டீ. எங்கள் ஊரில் மூன்று கோப்பைக்குக் குறைந்து எழுந்திருக்க முடியாது. போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் போட வேண்டும். கெசினே முக்கியமான விஷயத்தை எப்போதும் மூன்றாவது கோப்பையில்தான் ஆரம்பிப்பாள்.

“நெஜமாவே விதை குடுக்கப்போறியா?”

“ஆளுக்கு ஒரு கவர்.”

“ஹென்னிங்கின் வெற்றியா?”

“கவர் மேல அப்படித்தான் எழுதியிருக்கும்.”

“மேல என்ன எழுதியிருக்கும்னு கேக்கல. உள்ள என்ன இருக்கும்னு கேட்டேன்.”

“என்னைச் சந்தேகப்படுறியா?”

“இருபத்தேழு வருஷமா.” அவள் கொஞ்சம் குரலை இறக்கினாள். “இதோ பாரு. மூணு வருஷம் முன்னால மழைல இலையெல்லாம் கருகிப்போய் ஒரே ஒரு செடி மிஞ்சிச்சு. குளியலறைக்குள்ள உக்காந்து அழுத. நாலு பேர்கிட்ட அந்த விதை இருந்திருந்தா, போய் ஒண்ணு கேட்டு வாங்கியிருக்கலாம் இல்ல? நாளைக்கு அந்த மாதிரி ஒரு செடிகூட மிஞ்சலன்னா, அந்தத் தக்காளியே போச்சு.”

“நான் அழல. வெங்காயம் நறுக்கினேன்.”

“குளியலறைலயா?”

நான் ஸ்பூனைக் கோப்பைக்குள் போட்டுவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு தக்காளி வாங்கினேன். ஜனவரி மாதத்துக் கடைத் தக்காளியைத் தண்ணீர் பலூன் என்று ஊர் முழுக்கத் திட்டித் திரிபவன், கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு அடியிலுள்ள கீழறையில் வைத்து விதையைப் பிழிந்து ஒரு ஜாடியில் புளிக்கவிட்டேன். விதைமேல் ஒட்டிய வழவழப்பு போக மூன்று நாள் புளிக்க வேண்டும். மூன்றாம் நாள் கீழறையின் மேல்படியில் நின்று கெசினே மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“கீழ என்ன செத்துக்கெடக்கு?”

“தோட்டக்கலை!”

“அடக்கம் பண்ணிட்டு மேல வா. அந்தக் கண்றாவிக்குப் பக்கத்துல நான் வரமாட்டேன்.”

கழுவி, காப்பி வடிகட்டும் காகிதத்தில் காயவைத்து, ஜாம் ஜாடி ஒன்றில் போட்டேன். பக்கத்தில் செப்டம்பரிலேயே எடுத்துவைத்த என் வெற்றியின் விதை, அதே மாதிரி ஜாடியில். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கட்டம் போட்ட மூடி. அசல் ஜாடியின் மூடியில் பச்சைப் பொட்டு ஒட்டினேன். கடை ஜாடியின் மூடியில் சிவப்புப் பொட்டு.

மூடியில் ஒட்டினேன். ஜாடியில் ஒட்டவில்லை. இருபது வருஷத் தோட்டக்காரன் செய்யக்கூடாத தவறு. ஏனென்றால் எந்தத் தக்காளி விதையும் எந்தத் தக்காளி விதை மாதிரியும்தான் இருக்கும். தட்டையாக, மணல் நிறத்தில், மேலே லேசாகப் பூனைமுடியோடு. முளைத்து இலை விட்டால்தான் குட்டு வெளிப்படும். மற்ற தக்காளிக்கு இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். என் வெற்றிக்கு மட்டும் உருளைக்கிழங்கு இலைபோல் அகலமாக, ஓரம் வழவழவென்று இருக்கும்.

பரிமாற்ற நாள் காலை. நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கெசினே ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“கீழ அலமாரியைத் தொடச்சேன். உன்னோட ரெண்டு ஜாடி மூடியும் பிசுபிசுன்னு இருந்துச்சு. கழட்டித் தொடச்சு மூடி வச்சுட்டேன்.”

கத்தி கையிலிருந்து விழுந்தது.

“எந்த மூடியை எதுல போட்ட?”

“எது எதுல இருந்துச்சோ அது அதுலதான்.” டீயை உறிஞ்சினாள். “அப்படித்தான்னு நெனைக்கிறேன். ஏன், ரெண்டும் வேற வேற விதையா?”

“சே சே! ரெண்டும் ஒண்ணுதான்!”

“அப்புறம் ஏன் வெண்ணெயைக் கைல தடவிக்கற?”

கீழறைக்கு ஓடினேன். இரண்டு ஜாடிகளும் என்னைப் பார்த்தன. நான் பதறவில்லை. யோசித்தேன். ஆண்மகன் யோசிப்பான். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் கெசினே ஒரு பொருளையாவது எடுத்த இடத்தில் திரும்ப வைத்ததுண்டா? கத்தரிக்கோலை மாவு டப்பாவில் கண்டெடுத்திருக்கிறேன். கார் சாவியை ரொட்டிப் பெட்டியில். என் மூக்குக்கண்ணாடி முட்டைகளுக்கு நடுவில் மூன்று நாள் அடைகாத்திருக்கிறது. இவள் சரியாக வைத்தேன் என்றால் தப்பாக வைத்தாள் என்று அர்த்தம். அதுவும் ‘நெனைக்கிறேன்’ என்று வேறு சொல்கிறாள்.

எனவே இரண்டு மூடிகளையும் நானே மாற்றிப் போட்டேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

பிறகு சிவப்புப் பொட்டு ஜாடியைத் திறந்து கவர்களை நிரப்பினேன். கடை விதைதானே, கஞ்சத்தனம் எதற்கு? ஆளுக்குப் பன்னிரண்டு. மிச்சத்தையும் வீட்டில் வைக்காமல் கவர்களுக்குள்ளேயே பங்கிட்டுக் கொட்டினேன். ஜாடியைத் தட்டித் தட்டிக் கொட்டினேன். ஒவ்வொரு கவரிலும் என் கையெழுத்தில் ‘ஹென்னிங்கின் வெற்றி’.

சங்கக் கட்டடத்தில் அன்று எனக்குக் கிடைத்த மரியாதை நான்கு முறை ராஜாவானபோதுகூடக் கிடைக்கவில்லை. என் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் உப்போ வந்தான். பெயரில் உப்பு இருக்கிற அளவுக்கு வாயில் இனிப்பு கிடையாது. வருஷா வருஷம் ஜூன் மாதம் குச்சியோடு வந்து என் செடிவேலி விதிப்படி ஒன்றேகால் மீட்டர்தானா என்று அளக்கிறவன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“ஹென்னிங், உன்னைப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன்பா.”

“நாங்க எல்லாருமேதான்” என்றாள் பக்கத்தில் நின்ற கெசினே.

வரிசையில் நின்று அவளும் ஒரு கவர் வாங்கிக்கொண்டாள்.

“உனக்கெதுக்கு? வீட்லயே இருக்கே!”

“எல்லாரும் வாங்கறாங்க. ராஜா கையால நானும் ஒண்ணு வாங்கிக்கறேனே.”

மார்ச் மாதம் பச்சைப் பொட்டு விதையை ஜன்னலோரம் விதைத்தேன். ஏப்ரலில் இலை வந்தது. குனிந்து பார்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். பல். எல்லா இலையிலும் பல் பல்லாக. அத்தனையும் என்னைப் பார்த்து இளித்தன.

எனக்கு விஷயம் புரிந்தது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக இவள் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைத்திருக்கிறாள். அதற்கும் நாள் பார்த்தாள் பாருங்கள்!

அதே வாரம் உப்போ வேலிக்கு மேலே தலையை நீட்டி எங்கள் ஊர் வணக்கம் போட்டான்.

“மொய்ன், ஹென்னிங்! உன் விதை ஒண்ணு விடாம மொளச்சிருச்சு. இலை அப்படியே உருளைக்கெழங்கு இலை மாதிரி! என் ஜன்னல்ல எடமே இல்ல. நாலு நாத்து தரட்டுமா?”

என் தக்காளியை எனக்கே தானமாகத் தருகிறான். கை நீட்டினால் கிடைக்கும். ஆனால் கை நீட்டினால், அவன் கேட்பான்: உன் விதை என்ன ஆச்சு? அதற்குப் பதில் சொன்னால் காலனி முழுக்க நான் செய்த பித்தலாட்டம் நாறும். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாலு நாற்றுக்காக அன்று அழுதிருப்பேன்.

“வேண்டாம்! என்கிட்ட ஏராளம்!”

“மொகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?”

“ஏப்ரல் வெயில்.”

கெசினேயும் சொல்லிப்பார்த்தாள். “வாங்கிக்கயேன். அதுக்குத்தானே இதெல்லாம்?”

“பிச்சை எடுக்கற ராஜாவை எங்கயாவது பாத்திருக்கியா?”

“தோட்டக்காரன் நாத்து கேட்டா அது பிச்சையில்ல, ஹென்னிங்.”

நான் வளையவில்லை. மே நடுவில் கடைசிப் பனி போனதும் என் கடைத் தக்காளிகளை நட்டேன். மழை படாமல் கூரை போட்டேன். பீப்பாயில் காஞ்சொறிச் செடியை ஊறவைத்து நாற்றமடிக்கும் உரநீர் ஊற்றினேன். பயிற்சி கொடுத்தால் கழுதையும் குதிரையாகும் என்று நம்பினேன். அந்தப் பீப்பாய் மட்டும் நான் ஊற்றுவதைவிட வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. உப்போதான் திருடுகிறான் என்று பூட்டுப் போட்டேன். அப்போதும் குறைந்தது. எங்கள் குடிலுக்குப் பின்னால் கெசினே எதையோ நட்டிருந்தாள். பூசணி என்றாள். தக்காளிக்காரன் பூசணியை எட்டிப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட். விழா மேஜையில் இருபத்தொரு ‘ஹென்னிங்கின் வெற்றி’ வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஹென்னிங்கினுடையது மட்டும் இல்லை. போட்டிக்கு வராமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் நான் யார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் என் தக்காளியைத் தராசில் வைத்தேன். அறுபத்தோரு கிராம். சங்கத் தலைவி ஃபென்னா, “எடைக்கல்லை எடுத்துட்டுத் தக்காளியை வைங்க” என்றாள். தக்காளிதான் அது என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

உப்போவுடையது எழுநூற்றுத் தொண்ணூறு கிராம். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கழுத்தை நீட்டினான்.

“ஒரு நிமிஷம்” என்றாள் கெசினே. கைப்பையிலிருந்து சமையலறைத் துண்டில் சுற்றிய ஒன்றை, குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து வைத்தாள். தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு. ஒரே ஒரு செடி வைத்து, அதில் ஒரே ஒரு காயை மட்டும் விட்டு, என் பீப்பாய் உரத்தை ஊற்றி வளர்த்த பூசணி அது.

சும்மா விடுவேனா? துள்ளி எழுந்தேன். “ஆட்சேபணை! ஒரு தோட்டத்துக்கு ரெண்டு போட்டியாளரா? குத்தகை என் பேர்ல!”

ஃபென்னா அலமாரியிலிருந்து குத்தகைப் பத்திரத்தை எடுத்து விரித்தாள். இரண்டு கையெழுத்து: என்னுடையது, கெசினேயுடையது. இருபது வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் என் கையெழுத்தை மட்டுமே ரசித்துப் பார்த்திருக்கிறேன்.

சங்கிலி கெசினேயின் கழுத்தில் ஏறியது. உப்போ என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டான். அதில் ஒரு சின்ன ஆறுதல்.

இதைத்தான் தோல்வி என்கிறார்கள். நான் கேட்கிறேன்: சபதம் என்ன? சங்கிலி இந்த வீட்டை விட்டுப் போகாது. போயிற்றா? நான் ஒன்றேகாலுக்கு அடித்த அதே ஆணியில்தான் தொங்குகிறது. வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை டீ. மூன்றாவது கோப்பை. தாங்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

“ஒண்ணு மட்டும் ஒத்துக்க, கெசினே. வாழ்க்கைல ஒரே ஒரு தடவை மூடியைச் சரியாப் போட்டு என்னைக் கவுத்துட்ட.”

அவள் ஸ்பூனைக் கோப்பைக்குள் போட்டாள்.

“எந்த மூடியை? படியில நின்னு ரெண்டு ஜாடியையும் பாத்ததோட சரி. அந்த நாத்தத்துக்குப் பக்கத்துலயே நான் போகலியேப்பா.”