கிளுவைக்காரரின் பச்சைத் திரை

கோயமுத்தூரிலேயே செடிகொடிகளை ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகப் பேசிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் கணபதிப் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தெருநாயைக்கூட ‘கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கங்க’ என்றுதான் விரட்டுவார். பம்புசெட் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் கிளுவைக்காரர்.

எல்லாம் ஒரு ஸ்கூட்டரால் வந்தது. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற வண்டி. கிளுவைக்காரருக்குச் சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்ட வராது. “கடைக்கும் கோயிலுக்கும் நானே போய்க்கறேனுங்க” என்று அவர் மனைவி, பேரன் எடுத்த வயதில், வீட்டை ஒட்டிய காலி இடத்தில் ஓட்டிப் பழக இறங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் மாடி வீடுகளின் பால்கனிகள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வினை. ஒருவர் தடுமாறினால் எங்கள் ஊரில் சிரிக்க மாட்டோம், யோசனை சொல்வோம்.

“பிரேக்குங்க!”

“அக்கா, இடது கைங்க!”

“காலை ஊனுங்க!”

அத்தனை யோசனையையும் ஒரே சமயத்தில் கேட்டு நடக்கப் பார்த்த அந்த அம்மாள், வண்டியோடு கொத்தமல்லிப் பாத்தியில் சாய்ந்தார். மறுநாள் ஸ்கூட்டரைத் தார்ப்பாய் மூடியிருந்தது.

“இத்தனை பேரு பார்க்கறப்பக் கை நடுங்குதுங்க. இனி அதைத் தொடமாட்டேன்.”

“நீ ஓட்டு அம்மணி. நான் மறைச்சுப்போடறேன்” என்றார் அவர்.

பச்சை வலை கட்டச் சொன்னார்கள். ஆடிக்காற்றுக்கு நிற்காது என்றார். நர்சரிக்காரர் நெட்டிலிங்க மரம் வைக்கச் சொன்னார். “அவங்க தண்ணி கேப்பாங்களே” என்று இவர் கவலைப்பட்டார். எங்கள் குழாயில் தண்ணீர் வருவது சம்பந்தி வருவதைப் போல. எப்போது என்று தெரியாது, வந்தால் மற்ற வேலை ஓடாது. கடைசியில் காங்கேயம் பக்கம் மச்சானின் மேய்ச்சல் காட்டு வேலியிலிருந்து ஒரு கட்டு கிளுவைக் குச்சி வெட்டிவந்தார். அத்தனையும் முள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம்.

குச்சிகளைச் சுவரோரம் நெருக்கி ஊன்றிக் குறுக்கே கழி கட்டினார். “மழை பேஞ்சாக் குடிங்க, இல்லாட்டிப் பொறுத்துக்கங்க” என்றார். அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். காய்ந்த குச்சி என்று நான் நினைத்ததெல்லாம் துளிர்த்தது.

அதன்பிறகு அடிக்கடி என் பால்கனிக்கு வருவார். கீழே அந்த அம்மாள் ஹெல்மெட்டோடு அங்கும் இங்கும் போய் நிற்பார்.

“ஏனுங்க தம்பி, எங்கூட்டம்மா தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க.”

“ம்ம். இன்னும் வளரோணும்.”

ஆனால் வேலி வளரவில்லை. காரணம், அவர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. தோள் உயரம் வந்ததும் யாராவது வந்து, “ரெண்டு குச்சி கிடைக்குங்களா?” என்பார்கள். கேட்டவர் வாய் மூடுவதற்குள் அரிவாளோடு நிற்பார். தெருவில் பாதி வீட்டுக்கு வேலி வந்துவிட்டது.

“ஊருக்கெல்லாம் வேலி, எனக்கு மட்டும் ஓட்டை” என்று அந்த அம்மாள் பொருமினார்.

“கேட்டவங்களுக்கு எப்படி இல்லைங்கறது அம்மணி?”

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டிப் பார்த்தேன். வேலியடியில் மஞ்சள் பூசிய ஏழு கல். குங்குமம், பூ, விளக்கு. ஏழு கல்லை வரிசையாக நட்டால் எங்கள் பக்கம் அது கன்னிமார் சாமி. அந்த இடத்தில் ஒரு தழை கிள்ளவும் யாருக்கும் கை வராது.

கிளுவைக்காரர் என்னிடம் மெல்லச் சொன்னார். “நேத்துவரைக்கும் தண்ணித் தொட்டிக்கு முட்டுக் குடுத்த கல்லுங்க தம்பி. நம்மூட்டம்மா வேலை.” சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குச்சி கேட்டு வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவரும் யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மழைக்காலத்தில் கிளுவை என் பால்கனிக் கம்பியைத் தொட்டது. கோடையில் இலை கொட்டினாலும், கிளையும் முள்ளும் பின்னிக்கொண்டு மறைத்தன. பிறகு எனக்குப் பார்க்க எதுவும் இல்லை, கேட்க மட்டும்தான். வண்டியின் உறுமல். கூடவே ஓடும் செருப்புச் சத்தம். “பயப்படாத அம்மணி, யாரும் பார்க்கலை.”

போன மாதம் ஒருநாள் தெருவில் ஹாரன் கேட்டு எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் போனார். பின்னால் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கிளுவைக்காரர். எங்கள் வீட்டைக் கடக்கும்போது தலையை உயர்த்திக் கத்தினார்.

“ஏனுங்க தம்பி, எங்கூட்டம்மா தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுதுங்க!” என்று நானும் கத்தினேன். பொய்தான். கண் நிறைந்துபோய், இரண்டு பேருமே கலங்கலாகத்தான் தெரிந்தார்கள்.