ஒண்ணொண்ணா வரும்

சாப்பிட வந்தவர்களுக்கு உடனே சோறு போடாமலே புகழ்பெற்ற ஒரே சமையல்காரர், உலகத்திலேயே எங்கள் அரிமளத்தில்தான் இருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் 'ஒண்ணொண்ணா'.

அமெரிக்காவில் ஒரு ஜப்பான்காரரின் உணவகத்தில் பல வருடம் அடுப்படியில் நின்றவர். அங்கே மெனு அட்டையே கிடையாதாம். அந்தப் பருவத்தில் எது விளைகிறதோ அதைச் சமைத்து, சின்னச் சின்னத் தட்டுகளில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்களாம். ஊர் திரும்பிய கையோடு அதே மாதிரி ஒன்றை, பழைய உரக்கடை இருந்த இடத்தில் திறந்துவிட்டார். நாலே மேசை. வாசலில் பலகை: 'கைலியோடு வரலாம். அவசரத்தோடு வரக்கூடாது.'

முதல் வாரமே ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே, சாப்பிட என்ன இருக்கு?"

"வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, அப்பறம் மீனு. ஒண்ணொண்ணா வரும்."

"பஸ்ஸு கெளம்பப் போகுதுண்ணே!"

"அப்ப போயிட்டு வாங்க. சீசன் முடியிற வரைக்கும் நுங்கு இருக்கும்."

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

வடகாட்டுக்குப் பலாப்பழம் வாங்கப் போனால், பழத்தைத் தட்டிவிட்டு அதன்மேல் காதை வைத்துக் கேட்பார். "என்னண்ணே, பழம் பேசுதா?" என்று வியாபாரி சிரிப்பார். "நாளைக்கு வரச் சொல்லுது" என்று இவர் வெறுங்கையோடு பஸ் ஏறிவிடுவார்.

எனக்கு இதெல்லாம் பிடித்துப்போய், அவர் கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினேன். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லைக் வந்தது. ஆள்தான் வரவில்லை. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து அந்த ஜப்பான் முதலாளி போன் செய்தார்: இங்கே உன் அடுப்பு காலியாகத்தான் இருக்கிறது, திரும்பி வருகிறாயா?

"ஞாயித்துக்கெழம மதியம் நம்ம ஊர்க்காரங்க வந்து சாப்புடட்டும். அவங்களுக்குப் பிடிச்சா இருக்கேன். இல்லன்னா பெட்டியக் கட்டிர வேண்டியதுதான்" என்றார் ஒண்ணொண்ணா. ஊர்க்காரர்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.

லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். துபாயிலிருந்து திரும்பி மீன் வியாபாரம் செய்யும் காதர் மாமாவும் குடும்பத்தோடு வந்தார். நாலு மேசையும் நிறைந்தன.

முதல் தட்டு வந்தது: கொள்ளைப் புளிக்கவைத்து அவரே தயாரித்த, மிசோ என்கிற ஜப்பானிய விழுதைத் தடவிச் சுட்ட வெள்ளரிப்பிஞ்சு. எல்லோரும் அன்போடு வாங்கி இடதுபக்கம் ஒதுக்கி வைத்தார்கள். அடுத்து, தெளிந்த மீன் சாற்றில் மிதக்கும் நுங்கு. அதுவும் இடதுபக்கம் போனது. கரியில் சுட்ட சீலா மீன் வந்தபோது, ஈ மொய்க்காமல் இருக்க என் சித்தப்பா அதைக் கைக்குட்டையால் மூடினார்.

"சித்தப்பா, சாப்புடுங்க!"

"இருத்தா, வெஞ்சனம் எல்லாம் வரட்டும். சோறு எப்ப வரும்?"

"சோறு கடைசியிலதான் வரும்."

"அதுவரைக்கும் இதப் பாத்துக்கிட்டே ஒக்காந்துருக்கணுமா?"

"பொறு மாப்ள" என்றார் காதர் மாமா. "துபாய் ஏர்போர்ட்ல இதவிட நேரம் ஒக்காந்துருக்கேன். அங்க சாப்பாட்டக் கண்ணுல காட்டக்கூட இல்ல."

அடுப்படிக்கு ஓடினேன். ஒண்ணொண்ணா துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தட்டுகூடக் காலியாத் திரும்பல தங்கச்சி. யாருக்கும் பிடிக்கல."

அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்திருந்தார்.

"பிடிக்காம இல்லண்ணே! சோத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. தொட்டுக்கிற வெஞ்சனத்த யாரு வெறுமனே திம்பா?"

"அங்க சோறு கடைசியிலதான..." என்று இழுத்தவர் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏன், வீட்டுல நானே அப்பிடித்தான திங்கிறேன்!"

அவ்வளவுதான், சோற்றைப் பானையோடு கொண்டுபோய்க் கவிழ்த்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் வெளியே வந்து மேசையிலிருந்த தட்டுகளை எல்லாம் பொறுக்க ஆரம்பித்தார். சித்தப்பா தன் மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏய், எங்கப்பா தூக்கிட்டுப் போற?"

"சூடு பண்ணித் தாரேன். ஒங்க மீனு ஒங்களுக்குத்தான்."

மறுபடியும் முதலிலிருந்து வந்தது. வெள்ளரிப்பிஞ்சோடு ஒரே ஒரு கைப்பிடிச் சோறு. அது காலியான பிறகு நுங்கும் சாறும், அதற்கு ஒரு கைப்பிடி. பிறகு மீன், அதற்கும் ஒரு கைப்பிடி. ஜப்பானிலும் கிடையாது, அமெரிக்காவிலும் கிடையாது; அந்த நிமிஷம் அரிமளத்தில் பிறந்த முறை அது.

மீனுக்கு வந்தபோது எல்லோரும் தட்டிலேயே குனிந்துவிட்டார்கள். காதர் மாமா மட்டும் கண்ணை மூடி மென்றபடி, "நான் குடுத்த மீனுதானா இது?" என்று கேட்டார். சித்தப்பா நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லவில்லை. காலித் தட்டை முன்னால் தள்ளிவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "அடுத்தது என்னப்பா?"

அக்கா பெட்டியைத் தூக்கிப் பழையபடி பரணில் ஏற்றினார்.

இன்றைக்குத் திருச்சியிலிருந்து கார் போட்டு வந்து, அந்த ஒரு கைப்பிடிச் சோற்றைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் சித்தப்பா பரிமாறுகிறவர் கையையே பிடித்துவிட்டார்: "எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டுறியே! ஒண்ணொண்ணா வையிப்பா!" பந்தியே திரும்பிப் பார்த்தது. எனக்கு எவ்வளவு பெருமை!

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதும், பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவதும் என் பிறவிக் குணம். அவர் கடைக்குள் கால் வைத்ததும் கேட்பார், "அவசரமா தங்கச்சி?" போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, "இல்லண்ணே" என்று உட்கார்ந்துவிடுகிறேன்.