பட்டு நூலுக்குக் காமாலை

ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிக்கரைக்கு ஷேர் ஆட்டோவில் இடம் பிடிப்பவன் பெரிய சாமர்த்தியசாலி. அங்கே மஞ்சள் சித்தர் காமாலையைக் கழுவிவிடுகிறார். உள்ளங்கையில் மூலிகைச் சாறு பூசுவார். செம்பிலிருந்து தெளிந்த தண்ணீரை ஊற்றுவார். மஞ்சளாக ஒழுகும். நோய் போயிற்று, அடுத்த ஆள். சித்தர் காசைக் கையால் தொடமாட்டார். அதற்குக் கழுத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது.

வரிசையில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள். ஊருக்கெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லித்தருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி நர்ஸ் எஸ்தர். நோயாளிக்குக் குத்திய ஊசி அவள் விரலில் ஏறி, ஹெபடைடிஸ் சி தொற்றிவிட்டது. பன்னிரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், தள்ளிப்போட்டால் ஈரல் கெடும் என்றார். டப்பா பிரிக்காமல் கைப்பையில் கிடக்கிறது. மாத்திரை உள்ளே போனால் மஞ்சள் இறங்காது என்பது சித்தர் வாக்கு. என் கண் மஞ்சளாகவே இல்லையே என்று கேட்டதற்கு, உள்ளே ஒளிந்திருக்கிறது என்றார். கிறிஸ்தவள் வரலாமா என்றதற்கு, கிருமிக்கு மதமில்லை என்றார். அவர் சொன்ன ஒரே உண்மை அது.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு வடிவு, ஐயம்பேட்டையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவள். சாற்றை மோந்தாள். மாம்பட்டை. செம்பில் விரலை விட்டாள். சுண்ணாம்பு கரைத்துத் தெளியவைத்த தண்ணீர். பையிலிருந்து வெள்ளைப் பட்டு நூல் கற்றை ஒன்றை எடுத்தாள்.

"சாமி, மொதல்ல இதுக்குப் பாத்துடு."

சித்தர் முறைத்தார். வடிவே சாற்றைப் பூசி, தன் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். நூல் மஞ்சளாகவில்லை. செம்புத் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சள் சொட்டியது.

"அய்யோ பாவம், நூலுக்குக் காமாலை முத்திப்போச்சுபா. இன்னா பத்தியம் சாமி, உப்பில்லாத கஞ்சியா?"

முதலில் சிரித்தது எஸ்தர்தான். சிரித்துக்கொண்டே டப்பாவைப் பிரித்து, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் முதல் மாத்திரையை விழுங்கினாள். ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. அது பிற்பாடு.

அன்று மாலையே இன்னொன்று நடந்தது. குட்டு உடைந்ததும் முள்கம்பி வேலி தாண்டி ஓடிய சித்தர், கிழிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டூட்டியில் எஸ்தர்.

"ஊசி புதுசுதானேமா? என் எதிர்லயே பிரிம்மா."

"ஏன் சாமி, கிருமி வந்தா கழுவிக்கலாமே?"

ஊசி உறையை அவள் பிரிக்கிறவரை சித்தர் கண்ணை எடுக்கவில்லை.

ஆக, சித்தருக்கு விஷயம் தெரியும். வரிசையில் நின்றவர்களே, உங்களுக்கு?